காப்புக் கட்டியவன் எல்லை தாண்டமாட்டான்

பண்ணையில் இப்போது சாயந்திரப் பெரட்டில், வரிசையில் நிறுத்தி எண்ணும்போது, பிள்ளைகளின் உள்ளங்கையைப் பார்ப்பதில்லையாம். இன்னும் அங்கே வேலை செய்கிற பழைய கூட்டாளி ஒருவரைப் போன மாதம் கொட்டகலை பஸ்ஸில் பார்த்தேன். அவர்தான் சொன்னார்.

"அதெல்லாம் நிப்பாட்டிட்டாங்க செல்லையாண்ணே. புதுசா வந்திருக்கிற வாச்சர் பயலுகளுக்கு நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறானுக. நீங்க எழுதிக் குடுங்களேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வாசிக்கிற பழக்கத்தை விடவில்லை. தனியாக உட்கார்ந்தால் எழுத வருகிறது. பண்ணையின் பெயரை விட்டுவிடுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவன். கொழுந்து மலையில் கொஞ்ச காலம், மரக்கறித் தோட்டங்களில் கொஞ்ச காலம் கூலி வேலை செய்தேன். பிறகு வலப்பனைக்குப் போகிற வழியில் மலைச்சரிவில் இருந்த அந்தப் பண்ணையில் வாச்சராக, காவல் வேலைக்குச் சேர்ந்தேன். குற்றம் செய்ததாகக் கோர்ட்டில் தீர்ப்பான, பதினெட்டு வயதுக்குக் கீழான ஆண்பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள். வாசல் பலகையில் பயிற்சிப் பண்ணை என்று எழுதியிருக்கும். உள்ளே லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகள். கீழே மாட்டுக் கொட்டில். எருவைப் பையில் கட்டி முதுகில் ஏற்றி மேல் பாத்திக்குச் சுமக்க வேண்டும். அதற்கும் மேலே கல்லு வேலை. பாறையை உடைத்துப் புதுப் பாத்திக்கு வரப்புக் கட்டுவது.

எனக்குத் தந்த பயிற்சி ஒரு காலை நேரத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகளோடு நடக்க வேண்டும், அவர்கள் முன்னால் உட்காரக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஒருவன் கண்ணில் படாவிட்டால் உடனே விசில் ஊத வேண்டும். விசில் ஊதினால் அவன் ஓடினவன். திரும்பி வந்தாலும் ஓடினவன்தான். அப்படிப்பட்டவனுடைய வழக்கை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கமாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒருவன் ஓடினான். மெயின் ரோட்டுத் தேத்தண்ணிக் கடையில் வைத்துப் பிடித்தார்கள். பதினெட்டு வயதானதும் அவனைப் பெரியவர்களுடைய மறியலுக்கு, பெரிய சிறைக்கு ஏற்றினார்கள். லொறி திரும்புகிறவரை அவன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பொறுப்பதிகாரியைப் பெரிய சேர் என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சிங்களத்தையும் தமிழையும் ஒரே மாதிரி மெதுவாகப் பேசுவார். பிள்ளைகளை 'மகன்' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

சாயந்திரம் வேலை முடிந்து கருவிகளை எண்ணி வைத்த பிறகு பெரட்டு. அதற்கு முன் ஓடைத் தண்ணீரில் கை கழுவ வேண்டும், துடைக்கக் கூடாது. அந்தக் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பெரிய சேர் ஒரு முனையிலிருந்து வருவார். கட்டைவிரலால் உள்ளங்கையின் நடுவிலும் விரல் அடியிலும் அழுத்துவார். கொப்புளம் இருந்தால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். "சரி மகன்" என்று அடுத்தவனிடம் போவார். முகம் சுளிக்காவிட்டால் அங்கேயே நிற்பார்.

"மகனுக்கு வேலை காணாது போல."

வேலை போதவில்லை என்று அர்த்தம், மறுநாள் அவன் கல்லு வேலைக்குப் போவான். அவனைப் பார்த்துக்கொண்ட வாச்சர் யார் என்றும் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலுக்குப் பயந்து நாங்கள் பிள்ளைகளை விரட்டினோம். நானும் விரட்டினேன்.

தினேஷ் மாசி மாதத்தில் வந்தான், எங்கள் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். பதினாலு வயதிருக்கும், ஒல்லி. ஜீப்பிலிருந்து இறங்கும்போது காதோரத்திலும் கழுத்திலும் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது. டவுனில் போன் கடையை உடைத்துத் திருடினான் என்று வழக்கு. களவு போனதில் ஒரு போன் அவர்கள் லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கில் கிடைத்ததாம். அந்த அடுக்கில் லயத்து ஆட்கள் எல்லோரும் விறகு வைப்பார்கள். ஆனால் அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி அறை இவனுடையது. கோர்ட்டில் கேட்டதும் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

வருகிற பிள்ளைகளின் முடியை வெட்டி, நகம் வெட்டி, உடம்பில் கட்டியிருக்கிற கயிறு, தாயத்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அது என் வேலை. முடி வெட்டும்வரை சும்மா இருந்தான். வலது கையைக் கேட்டபோது முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"காமன் கூத்துக் காப்பாடா?" என்றேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஆமாங்க சேர். நாந்தான் ரதி."

எங்கள் தோட்டங்களில் மாசியில் காமன் கம்பம் ஊன்றி, மன்மதனும் ரதியுமாக வேஷம் கட்டி ஆடுவார்கள். மன்மதனை எரித்து, பிறகு உயிர் எழுப்பினால்தான் கூத்து முடியும். ரதி வேஷமும் ஆண்பிள்ளைக்குத்தான். காப்புக் கட்டியவன், அது அவிழும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கடைக்குக்கூடப் போகமாட்டான். காப்பைக் கட்டிய கூத்து மாஸ்டரே அதை அவிழ்க்க வேண்டும்.

"டவுனுக்கு நீ போனியா?"

"காப்புக் கட்டுனவன் எப்படிங்க சேர் போவான்?"

"அப்ப ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"எரிச்சு முடிஞ்ச கையோட பொலிஸ் வந்துருச்சு. உயிர் எழுப்பணும், ரதி இல்லாம ஏலாது. மாஸ்டர்தான் சொன்னாரு, ஆமான்னு சொல்லிரு, சின்னப் பயன்னு திட்டிட்டு அந்திக்குள்ள விட்டுருவாங்கன்னு. நானும் ஆமான்னுட்டேன்." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னான்: "எரிச்சதோட நிக்குது சேர். எழுப்பலைன்னா லயத்து மேல மண்ணு சரிஞ்சு வந்துரும்னு சொல்லுவாங்க. அம்மா தனியா இருக்கு."

இதைச் சொல்லும்போது பெரிய சேர் வாசலில் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினார்.

"கோயில் நூல்தானே மகன். வெளியே போன பிறகு வேற கட்டிக்கலாம். வலிக்காது."

வெட்டிய நூலை முடி கிடந்த சாக்கில் போட்டார். தினேஷ் அழவில்லை. சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டே நடப்பான். அவன் ரதி ஆடியவன் என்ற விஷயம் பிள்ளைகளின் படுக்கை அறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? பிரதீப் என்று ஒருவன் இருந்தான், குள்ளம், வாய் நீளம். எரு மூட்டையோடு தினேஷ் தடுமாறினால் போதும், தொடங்கிவிடுவான்.

"ஏய் ரதி, ஒன் மன்மதன் சாம்பலாப் போயிட்டாருடி. மூட்டைய யாரு தூக்குவா?"

தினேஷுக்கு வந்த பெரிய துன்பம் அவனுடைய கைதான். சின்ன வயதிலிருந்தே விறகு சுமந்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அதில் கொப்புளம் ஏறவில்லை. முதல் பெரட்டில் பெரிய சேர் அழுத்தினார். இவன் சும்மா நின்றான். மறுபடி அழுத்தினார்.

"மகனுக்கு வேலை காணாது."

கல்லு வேலைக்கு ஏற்றினார்கள். அங்கேயும் அந்தக் கை கொப்புளிக்கவில்லை. ஒவ்வொரு சாயந்திரமும் அவன் சோம்பேறி என்று முடிவானது. சோறு குறைந்தது. கடைசியில் பிரதீப்தான் சொல்லிக் கொடுத்தான். நான் பின்னால் வருவது தெரியாமல் பேசிக்கொண்டு போனார்கள்.

"மொகத்தச் சுளிடா லூசு. நீ கூத்தாடிதானே? அம்புட்டுப் பேரு முன்னால அழுது ஆடுனவன், இந்த ஒத்த ஆளு முன்னால அழ மாட்டியா?"

அன்று சாயந்திரம் தினேஷ் முகத்தைச் சுளித்தான். நன்றாகவே செய்தான். பெரிய சேர் "சரி மகன்" என்று நகர்ந்தார். மறுநாளும் நகர்ந்தார். அதற்கடுத்த நாள் அவர் உள்ளங்கையில் அழுத்தாமல், மணிக்கட்டுக்கு மேலே, ஒன்றும் இல்லாத இடத்தில் லேசாக விரலை வைத்தார். பயத்தில் இவன் அதற்கும் சுளித்துவிட்டான்.

பெரிய சேர் சிரித்தார். "மகன் நல்லா நடிக்கிறான். செல்லையா, நாளையிலிருந்து இவன் சுண்ணாம்பு வீசட்டும். கையாலேயே."

மண்ணுக்குப் போடுகிற சுண்ணாம்பு. ஈரக் கையில் பட்டால் தோலைத் தின்றுவிடும். எவ்வளவு காய்த்த கையும் தாங்காது. மூன்று பாத்திக்கு வீசினான். நான்தான் பக்கத்தில் நின்றேன். பெரிய சேர் அலுவலக ஜன்னலில் தெரிந்தார். அன்று சாயந்திரம் அவன் நடிக்கத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ரோட்டைப் பார்க்கத் தொடங்கினான். ஓடப்போகிறவன் முதலில் ரோட்டைப் பார்ப்பான். இது எல்லா வாச்சர்களுக்கும் தெரியும்.

அந்த வாரம் நன்னடத்தை உத்தியோகத்தர் வந்தார். வலப்பனையைச் சேர்ந்த தமிழ்ப் பெண். பிள்ளைகளின் நிலையை விசாரிக்க இடையிடையே வருவார். நான் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு ஜீப் வரை போனேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை, தினேஷின் காப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"எங்க பக்கமும் கூத்து ஆடுறாங்க, தெரியும்," என்றார். "ஆனா கோர்ட்டுல காப்பு வந்து சாட்சி சொல்லாது செல்லையா. ஆள் வரணும். நானும் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினேன், ஒருத்தரும் வரலை. யாராவது வந்து, அவன் எல்லையத் தாண்டலைன்னு சொன்னா வழக்கை மறுபடி கூப்பிடச் சொல்லிக் கேக்கலாம். அதுவரைக்கும் அவன் மேல ஒரு புகாரும் வரக் கூடாது. ஓடினான்னா முடிஞ்சது."

தினேஷிடம் சொன்னேன். "ஓடிறாதடா. என் லீவு நாள்ல உங்க அம்மாவப் பாத்துட்டு வர்றேன்."

"மண்ணு வந்திருக்கான்னு பாருங்க சேர்," என்றான்.

மண் வரவில்லை. லயம் அப்படியே இருந்தது. அவனுடைய அம்மா என் காக்கிக் காற்சட்டையைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை செத்துவிட்டான் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். அவரையும் கூட்டிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். வேலு மாஸ்டர் கோவாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"நான் வர முடியாதுங்க. ஒத்துக்கச் சொன்னவன் நான். அங்க போய் வாயத் தொறந்தா பொய் சொல்ல வச்சவன்னு என்னத் தூக்கி உள்ள போடுவாங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள."

"எம் புள்ள மட்டும் என்னங்க மாஸ்டர், தவுட்டுக்கா வாங்குனேன்?" என்றார் தினேஷின் அம்மா. "ஒங்க வாயாலதானே அனுப்புனீங்க."

"நீ சும்மா இரு ஆத்தா. ஒனக்கு கோர்ட்டு தெரியுமா, பொலிஸ் தெரியுமா?"

"தெரியாது. அதான் ஒங்கள நம்புனேன்."

மாஸ்டர் குனிந்து களையைப் பிடுங்கினார். நான் பேச நினைத்து வந்த எதுவும் நினைவில் இல்லை. கடைசியில் ஒன்றுதான் வந்தது.

"அவன் கையில நீங்க கட்டுன காப்பு இல்லைங்க மாஸ்டர். வெட்டிட்டாங்க."

அவர் கை நின்றுவிட்டது. "யாரு?"

"எங்க ஆளுங்கதான். வந்த அன்னிக்கே."

"எல்லைக்கு வெளியவா? கத்தரிக்கோல்லயா?"

தலையாட்டினேன். அவர் பாத்தியில் அப்படியே உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. பொலிஸைப் பற்றிப் பேசியபோது இருந்த பயம் அல்ல இது. கையிலிருந்த களையைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா அவன எங்கிட்ட நம்பிக் குடுத்துருக்கா," என்றார். அவர் சொன்னது காமன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மாரியம்மாவையா, இந்த அம்மாவையா என்று எனக்குத் தெரியவில்லை. "தேதி சொல்லி அனுப்புங்க. வர்றேன்."

நான் திரும்பி வந்த மறுநாள் பெரிய சேர் கூப்பிட்டார். மேசையில் ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக வர வேண்டும் என்று கவனமாக உரித்தார்.

"வட்டகொடைப் பக்கம் எப்படி, மழையா?"

எங்கே போனேன் என்று தினேஷைத் தவிர நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இந்தப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டக் கூடாது செல்லையா. ஆசை காட்டினால்தான் ஓடுவார்கள்." ஒரு சுளையை எனக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். "அந்தப் பையன் இனிமேல் மேல் பாத்தியில் தனியாக வேலை செய்யட்டும். நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்ளுங்கள்."

மேல் பாத்திக்கு வேலி கிடையாது. அதற்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை, பாதை ரோட்டில் இறங்கும். அவர் ஏன் அங்கே அனுப்புகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவன் ஓடினால் அவனும் முடிந்தான், நானும் முடிந்தேன். தோடம்பழச் சுளை வாயில் கசந்தது. துப்ப முடியாமல் விழுங்கினேன்.

மாஸ்டர் வருவார் என்று நான் சொன்னதும் நன்னடத்தை உத்தியோகத்தர் கோர்ட்டில் கேட்டு நாள் வாங்கியிருந்தார். வழக்கைக் கூப்பிடுகிற அந்த நாள் நெருங்கியிருந்தது. மேல் பாத்தியில் ஒரு நாள் பகலிலேயே மூடுபனி இறங்கியது. முதலில் மரங்கள் மறைந்தன, பிறகு பாத்தி, பிறகு தினேஷ். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெட்டு, ஒரு மூச்சு, இன்னொரு வெட்டு. பிறகு சத்தம் இல்லை.

"தினேஷ்," என்றேன். பதில் இல்லை.

விசில் என் வாயில் இருந்தது. ஊத வேண்டியது என் கடமை. ஊதாமல் அவன் போய்விட்டால், உடந்தை என்று எனக்கு வேலை போகும். வழக்கும் வரலாம். ஊதினால் அவன் ஓடினவன். மாஸ்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். கீழே அலுவலகப் பக்கத்திலிருந்து யாரோ இருமுவது கேட்டது. பெரிய சேர் மூடுபனியில் நடக்கிறவர் அல்ல. ஆனால் அன்றைக்கு அவர்தான் நடந்து வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. விசிலின் தகரம் பல்லில் அடித்தது. ஊதவும் பயம், ஊதாமலிருக்கவும் பயம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

புல்லில் காலடிச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து தினேஷ் வந்தான், முழங்கால் வரை நனைந்து.

"எங்கடா போன?"

"ஓடை வரைக்கும் சேர்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "இந்தப் பக்கக் கரையிலயே நின்னேன். அந்தப் பக்கம் போகல. எல்லை அதுதானே?"

நான் மண்வெட்டியைக் காட்டினேன். அவன் எடுத்து வெட்டத் தொடங்கினான். நான் விதியை மீறி, அவன் முன்னாலேயே ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

வழக்கு நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வேலு மாஸ்டர் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். மன்மதன் ஆடியவரையும் கொழுந்து எடுக்கிற இரண்டு பெண்களையும் கூட்டி வந்திருந்தார். கூண்டில் ஏறும்போது மாஸ்டர் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது பின் வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் நீதவானுக்குச் சிங்களத்தில் சொன்னார். கடை உடைந்த நாள் முழுக்க அவன் எங்கள் கண் முன்னால்தான் இருந்தான், காப்போடு இருந்தான், தோட்டமே பார்த்தது.

"அப்படியானால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று நீதவான் கேட்டார்.

"கூத்துப் பாதியில நிக்கக் கூடாதுன்னு, நாந்தாங்க ஒத்துக்கச் சொன்னேன்."

மாஸ்டர் கைகளைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பிறகு போன் கடைக்காரரைக் கேட்டார்கள். தான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை என்று அவர் சொன்னார். வழக்கு மறுபடி விசாரிக்கப்படும்வரை பையன் அம்மாவோடு இருக்கலாம் என்று உத்தரவானது. மாஸ்டரை யாரும் பிடித்து உள்ளே போடவில்லை. அந்த வழக்கு பிறகு தள்ளுபடியானது. என்னை மாட்டுக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அன்று கோர்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். தினேஷின் அம்மா பணிஸ் வாங்கி அவன் முன்னால் வைத்தார். அவனுடைய தலையைத் தடவினார், கன்னத்தைத் தடவினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்தப் பண்ணையில் அவனுக்கென்று ஒரு ஆளாக நான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அவனும் அப்படித்தான் நினைப்பான் என்று இருந்தேன்.

அம்மா குனிந்து, ரகசியம் போலக் கேட்டார். "அங்க அடிச்சாங்களாடா?"

தினேஷ் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பெரட்டில் நிற்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"இல்லம்மா," என்றான். "சேர்மாருங்க எல்லாம் நல்லவங்க."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.